ஒக்ஸ்போர்டில் ஒரு பொதுமனை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, "கடல் கடந்து போய் வந்தீர்களே, அங்குக் கண்டதொன்றை எழுதுங்கள்" என்றும் சொன்னார்கள். கண்டவை பல. அரண்மனை கண்டேன், நூதனசாலை கண்டேன், தேம்ஸ் நதியின் மேலுள்ள பாலங்களையும் கண்டேன். அவற்றைப் பற்றி எழுத வல்லார் பலர் உளர். நான் எழுதப் புகுவது ஒரு மதுச்சாலையைப் பற்றி. இந்துக் கல்லூரியின் விழா மலரிலே தமிழாசிரியன் ஒருவன், அதுவும் திருக்குறளின் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தை மாணவர்க்குக் கற்பித்து வருபவன், மதுச்சாலையைப் பற்றி எழுதுவதா என்று முதியோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். அன்னார் இக்கட்டுரையை இறுதிவரை படித்தருளுமாறு வேண்டுகிறேன். நான் மது அருந்துபவன் அல்லேன், அங்கும் அருந்தவில்லை.

மதுவின்மேல் எனக்குள்ள வெறுப்பு நூலிற் கற்று வந்ததன்று. என் சிறிய தந்தையார் கைதேர்ந்த தச்சர். எங்கள் ஊர் வாசிகசாலையில் உள்ள வாங்குகள் நான்கும் அவர் கைவேலை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே வன்னி சென்று, அங்கே தம் ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, வெறுங்கையோடு ஊர் திரும்பிய பின் அவர் கசிப்புக் குடிக்கத் தொடங்கினார். விளக்கணைத்த பின், வேலிக்கு அப்பால், இருட்டிலே தனியாக இருந்து குடிப்பார். போத்தல் வைக்கோற்போருக்குள் இருக்கும். அவர் குடிப்பதை ஒருவரும் கண்டதில்லை. குடித்திருப்பதை எல்லாரும் கண்டோம். 2004இல் ஈரல் பழுதுற்று இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. ஆதலால், மதுச்சாலை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வைக்கோற்போரே நினைவுக்கு வரும்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், இலண்டனில் வாழும் தமக்கையாரின் மகள் திருமணத்துக்குப் போயிருந்தேன். அப்போது ஒக்ஸ்போர்டில் வசிக்கும் நண்பரொருவர் என்னை ஒருநாள் தம் நகருக்கு அழைத்தார். நம் கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பிற் படித்தவர். இப்பொழுது மருத்துவமனை ஒன்றில் தாதிய உத்தியோகத்தர். பகல் முழுவதும் கல்லூரிகளையும் நூலகத்தையும் காட்டினார். மாலை ஐந்து மணியளவில் சென்ற் ஜைல்ஸ் என்னும் அகன்ற வீதிக்கு வந்து சேர்ந்தோம். அவ்வீதியின் இருமருங்கிலும் பழைய மதுச்சாலைகள் இரண்டு ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஆங்கிலேயர் இத்தகைய இடத்தைப் 'பப்' என்று சுருக்கமாகச் சொல்வர்.

மேற்குப் புறத்திலுள்ளது 'ஈகிள் அன்ட் சைல்ட்', அதாவது 'கழுகும் குழந்தையும்'. 2020இல் மூடப்பட்ட அது, நாங்கள் சென்றபோதும் மூடியே கிடந்தது. அதன் முன்னே நின்று நண்பர் அதன் கதையைச் சொன்னார். டொல்கீன் என்னும் பேராசிரியர் பழைய ஆங்கில மொழியிலும் இலக்கியத்திலும் பெரும் புலமை வாய்ந்தவர். பின்னர் உலகம் அறிந்த புனைகதை எழுதியவர். அவரும், சி. எஸ். லூயிஸ் என்னும் இலக்கிய ஆசிரியரும், வேறு சில நண்பரும் 'இங்க்லிங்ஸ்' என்னும் பெயரோடு ஒரு கூட்டமாயினர். வியாழன் இரவுகளில் லூயிசின் கல்லூரி அறையிற் கூடி, தாம் எழுதி வந்தவற்றைப் படித்துக் காட்டுவர். செவ்வாய் முற்பகலிலோ இந்த மதுச்சாலையின் பின்னறையிற் கூடிப் பேசிச் சிரித்திருப்பர். 1962இல் இக்கட்டடம் மாற்றியமைக்கப்பட்டபோது, எஞ்சியிருந்த நண்பர்கள் வீதியைக் கடந்து எதிர்ப்புற மதுச்சாலைக்கு இடம் மாறினர். மறு ஆண்டு லூயிஸ் மறைந்தார்.

நாங்களும் வீதியைக் கடந்தோம். கிழக்குப் புறத்திலுள்ளது 'லாம் அன்ட் பிளாக்', 'ஆட்டுக்குட்டியும் கொடியும்'. கொடி தாங்கிய ஆட்டுக்குட்டி புனித யோவானுக்குரிய சின்னம். பெயர்க்குக் காரணம் யாதெனின், இந்த மதுச்சாலை பரியோவான் கல்லூரிக்குச் சொந்தமானது. நம் யாழ்ப்பாணத்துப் பரியோவான் அன்று. 1555இல் சேர் தோமஸ் வைட் என்னும் இலண்டன் வணிகர் நிறுவிய ஒக்ஸ்போர்டுப் பரியோவான்! கல்லூரி ஒன்று மதுச்சாலை வைத்திருப்பதா என்று நான் வியந்தேன். பல நூற்றாண்டுகளாக வைத்திருக்கிறது என்றார் நண்பர். தோமஸ் ஹார்டி தம் நாவலொன்றிற் காட்டும் மதுச்சாலை இதுவே என்பாரும் உளர். வாயிலில் நான் தயங்கி நின்றேன். "உள்ளுக்கு வா மச்சான். இங்கை லெமனேட்டும் இருக்கு, ஒருத்தரும் உன்னைப் பிடிச்சுப் பருக்கமாட்டினம்" என்று கூறி நண்பர் கதவைத் தள்ளினார்.

உள்ளே வெளிச்சம் குறைவு. தாழ்ந்த கூரை, காலத்தாற் கறுத்த மரவளைகள், ஒன்றினுள் ஒன்றாகச் சிறுசிறு அறைகள். நம் பழைய நாற்சார் வீட்டின் திண்ணையில் இருப்பது போன்றதோர் ஒடுக்கமும் இதமும் அங்கே இருந்தன. பணியாளர் மேசைக்கு வருவதில்லை. வேண்டியவர் தாமே எழுந்து சென்று, முகப்புப் பலகையின் முன் நின்று, காசு கொடுத்து வாங்கி வரவேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் யாருக்கு அடுத்த முறை என்பது நிற்பவர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நண்பர் குழாமாக வந்தவர்களுள், இம்முறை ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார். அடுத்த முறை மற்றவர். நான் எலுமிச்சைப் பானம் கேட்டேன். கொடுத்த பெண்பிள்ளையின் முகத்தில் வியப்பும் இல்லை, ஏளனமும் இல்லை.

முகப்புப் பலகையின்மேல் உயரமான மரப்பிடிகள் சில நின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர்ச்சீட்டு. அவை கைப்பம்பிகள் என்றும், கீழே நிலவறையில் உள்ள பீப்பாக்களிலிருந்து 'ஏல்' என்னும் பழைய வகைப் பியரை மேலே இழுப்பவை என்றும் நண்பர் விளக்கினார். முளைகட்டி உலர்த்திய பார்லியும், ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவும், நீரும், மதுவமும் சேர்ந்ததே ஏல். மற்றைப் பியரைப் போல இதனை வடித்து, மதுவத்தை அகற்றிக் கொடுப்பதில்லை. ஆலையிலிருந்து வந்த பீப்பாவுக்குள்ளேயும் மதுவம் உயிரோடு இருந்து நொதித்துக்கொண்டிருக்கும். நிலவறையை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, பானம் தெளியும்வரை காத்திருந்து, பக்குவம் பார்த்துத் திறக்கவேண்டும். திறந்தபின் காற்றுப் புகுவதால் மூன்று நாட்களுக்கு மேல் அதன் சுவை நில்லாது. வழக்கமான சிறு பீப்பா 9 கலன் கொள்ளும். அதாவது 72 பைந்து. அது முடிந்ததும் பெயர்ச்சீட்டைக் கழற்றிவிட்டு, வேறோர் ஆலையின் வேறொரு பானத்தை ஏற்றுவர். ஆகவே இன்று வந்தவர் அருந்தியதை அடுத்த வாரம் வருபவர் காணமாட்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் பனங்கள்ளே நினைவுக்கு வந்தது. அதுவும் உயிருள்ள பானம். காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். தூர தேசத்துக்குப் போகாது. இறக்கிய ஊரிலேயே முடியவேண்டும். முட்டியிலே சுண்ணாம்பு தடவினால் அதே சாறு பிள்ளைகளும் பருகும் கருப்பநீராகும். மரத்துக்கு மரமும் பருவத்துக்குப் பருவமும் சுவை வேறுபடும் என்று சீவல் தொழிலாளர் சொல்வர். உண்ணலாமா என்பது வேறு வினா. ஊரின் மண்ணும் நீரும் கைத்திறனும் கூடிய பொருள் என்ற வகையில் ஏலும் கள்ளும் உறவினர்.

அவ்வூர்ப் பானமும் ஒருகாலத்தில் அழியும் நிலையை அடைந்தது. 1960களில் பெரிய நிறுவனங்கள் சிறிய ஆலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விலைக்கு வாங்கி மூடின. நாடெங்கும் ஒரே சுவையுடைய, காபனீரொட்சைட்டு ஏற்றிய பியரே விற்கப்பட்டது. 1971இல் இளைஞர் நால்வர் இதனை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினர். அது பெருகிப் பல்லாயிரம் பேரைச் சேர்த்தது. 1989இல் பிறந்த சட்டம், பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்பட்ட மதுச்சாலைகள் வேற்று ஆலையின் ஏல் ஒன்றையேனும் 'விருந்தாளி'யாக வைத்து விற்க வழி செய்தது. 2002இல் சிறிய ஆலைகளுக்கு வரி குறைக்கப்பட்டது. ஒக்ஸ்போர்டிலோ, 1782இலிருந்து இயங்கிய மொரெல்ஸ் ஆலை 1998இல் மூடப்பட்டது. ஆனால், அயற் சிற்றூராகிய ஹூக் நோர்ட்டனில் 1849இல் எழுந்த ஆலை இன்றும் நடைபெறுகிறது; புதிய சிற்றாலைகளும் அயலூர்களில் முளைத்துள்ளன. அன்று பெயர்ச்சீட்டுகளில் நின்றவை பெரும்பாலும் அவ்வட்டாரத்தவை என்று நண்பர் காட்டினார். தம் ஊர்ப் பொருள் மறைவதை ஊரவர் பார்த்துக்கொண்டிராமையால் அது பிழைத்தது.

நான் பானத்தைக் காட்டிலும் மனிதரையே மிகுதியாகப் பார்த்திருந்தேன். ஒரு மூலையிலே நரைத்த முதியவர் ஒருவர் தனியாக இருந்து செய்தித்தாள் படித்தார். அவர் காலடியில் நாயொன்று உறங்கியது. சன்னலோரத்தில் மாணவர் நால்வர் ஏதோ கணக்கைப் பற்றி வாதிட்டனர். வேலையுடுப்போடு வந்த கொத்தனார் இருவர் அவர்கள் அருகிலேயே அமர்ந்தனர். தாயொருத்தி சிறுமியோடு உணவருந்தினாள். அரைமணி நேரத்துக்குப் பின் முதியவர் எங்களை நோக்கி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அங்கே மழை எப்படி என்று வினவினார். மழையைப் பற்றியும், பின்னர் மரங்களைப் பற்றியும், அதன்பின் தம் மனைவி இறந்து ஆறு ஆண்டாயிற்று என்பதைப் பற்றியும் பேசினார். வீட்டில் இருந்தால் நாயோடுதான் பேசவேண்டும் என்றார். அவர் குவளையில் இருந்த பானம் நாங்கள் புறப்படும் வரையிலும் பாதிக்குமேற் குறையவில்லை.

அப்பொழுது என் சிறிய தந்தையார் என் நெஞ்சில் வந்து நின்றார். துயரம் இருவர்க்கும் உண்டு. ஒருவருக்கு, மாலையானால் எல்லார் கண்ணுக்கும் படும்படி வந்து அமர ஓர் இருக்கை இருந்தது. மற்றவருக்கு வைக்கோற்போரே இருந்தது.

ஆங்கிலேயரின் மதுச்சாலை யாவும் நன்மையே என்று நான் சொல்ல வரவில்லை. நண்பர் அதற்கு இடம் தரவும் இல்லை. "வெள்ளி, சனி இரவிலை எங்கடை ஆசுப்பத்திரிக்கு வந்து பார் மச்சான். குடிச்சு விழுந்தவையும் அடிபட்டவையும்தான் முக்கால்வாசிப்பேர்" என்று சலித்துக்கொண்டார். கடையில் மலிவாக வாங்கி வீட்டில் தனியே குடிப்போரே ஈரல் பழுதாகி வருவோரில் அதிகம் என்பது, நோயாளரை நாளும் பார்க்கும் அவருடைய எண்ணம். எவ்வாறாயினும் நஞ்சு நஞ்சே. வள்ளுவர் வாக்கை அந்நகரமும் பொய்யாக்கவில்லை.

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். தமிழிற் சொன்னால் பொதுமனை. நம் தவறணை என்னும் சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது; அதிற் 'பொது' என்னும் பொருள் இல்லை. நமக்குப் பொதுவிடம் இல்லாதிருந்ததா? மன்றம் என்றும், அம்பலம் என்றும், பொதியில் என்றும் அழகிய சொற்கள் நம்மிடம் உண்டு. வழிப்போக்கர் இளைப்பாற மடங்கள் கட்டினோம். பருத்தித்துறையிலே வீதியையே மூடிக் கட்டிய தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. ஆயினும் 'பொது' என்று பெயர் பெற்றது எல்லார்க்கும் பொதுவாய் இருந்ததில்லை. தேநீர்க் கடையிலே சமமாக அமர்ந்து தேநீர் அருந்தும் உரிமைக்காக 1960களில் யாழ்ப்பாணத்திலே போராட வேண்டியிருந்ததை மூத்த பழைய மாணவர் அறிவர். ஆங்கில நாட்டிலும் நிறம் கருதிக் கதவடைத்த பொதுமனைகள் இருந்தன. 1965ஆம் ஆண்டுச் சட்டமே அதனைச் சட்டத்துக்கு மாறானதென்று விலக்கியது. நானும் நண்பரும் அன்று தயக்கமின்றி அங்கு அமர முடிந்தது, யாரோ சிலர் முன்னர்ப் போராடியமையால் அன்றோ? பொதுவிடம் தானாகப் பொதுவாவதில்லை.

தானாக நிலைப்பதுமில்லை. ஆட்டுக்குட்டியும் கொடியும் என்னும் அம்மனையின் அண்மை வரலாறே அதற்குச் சான்று. பரியோவான் கல்லூரி அதனைத் தானே நடத்திய காலத்தில், வந்த இலாபத்தை ஆராய்ச்சி மாணவர்க்குப் புலமைப்பரிசிலாக வழங்கி வந்தது. பின்னர்ப் பெருந்தொற்று வந்தது. மக்கள் கூடுவது தடுக்கப்பட்டமையால் வருவாய் அற்று, 2021 சனவரி இறுதியில் மனை மூடப்பட்டது. பல நூற்றாண்டு திறந்திருந்த கதவு இனித் திறவாது என்றே பலரும் எண்ணினர். அப்பொழுது அந்நகரத்தார் சிலர் ஒன்றுகூடினர். எழுத்தாளர், அறிவியலாளர், வணிகர், அயலவர் எனப் பலரும் பணம் இட்டு, இங்க்லிங்ஸ் என்னும் பழம்பெயரையே தமக்கும் சூட்டி, சமூக நலனுக்கான நிறுவனமொன்றை அமைத்துக் கல்லூரியிடம் குத்தகைக்கு எடுத்தனர். 2022 ஒக்டோபரில் கதவு மீண்டும் திறந்தது. பத்து மாதங்களின் பின் அக்கதவின் வழியேதான் நான் உள்ளே சென்றேன்.

இதனை நான் ஊரில் வைத்துப் பலமுறை எண்ணியிருக்கிறேன். கோப்பாய்க் கலாசாலையிற் பயிற்சி பெற்று ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. மாலையில் துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பும்போது, என் மாணவரும் முன்னாள் மாணவரும் சந்தி மதகிலே நிரையாக இருப்பதைக் காண்கிறேன். தலைகள் கைப்பேசிமேற் கவிந்திருக்கும். என்னைக் கண்டதும் சிலர் எழுந்து நிற்பர். சிலர் கையிலுள்ளதை மறைப்பர். மறைக்கப்படுவது சில வேளை மதுவிலும் கொடியது. 'குடியாதே, புகையாதே, போதையைத் தொடாதே' என்று வகுப்பிலே சொல்கிறோம், சுவரிலும் எழுதுகிறோம். 'மாலையிலே இங்கே வந்து இரு' என்று சொல்வதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறோமா? தனியார் வகுப்பு முடிந்தால் மதகு; மதகு விட்டால் இருட்டு.

முன்னர் வாசிகசாலை இருந்தது. அங்கே பத்திரிகை படிக்க வந்தோர் படித்ததைவிடப் பேசியதே அதிகம். தபாற்காரரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும், சுருட்டுத் தொழிலாளியும், பத்தாம் வகுப்புப் பையனும் ஒரே செய்தியைப் பற்றி வாதிடுவர். போருக்குப் பின் அதற்கு வெள்ளை அடித்தார்கள். புதிய பெயர்ப்பலகையும் வந்தது. கதவோ பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. திறப்பு யாரிடம் என்பதும் பலருக்குத் தெரியாது.

2024 தைப்பூசத்துக்கு மறுநாள், ஊரவர் ஐவர் சேர்ந்து அந்தத் திறப்பைத் தேடிப் பெற்றோம். இப்பொழுது நாள்தோறும் மாலை ஐந்து மணி முதல் எட்டு மணிவரை வாசிகசாலை திறந்திருக்கும். இரண்டு பத்திரிகைகள், ஒரு கரம் பலகை, ஒரு சதுரங்கப் பலகை, சுடுநீர்ப் போத்தலில் வெறுந்தேநீர், பனங்கட்டி: இவ்வளவே அங்குள்ளவை. அறிவுரை சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டோம். முதல் வாரத்தில் மதகிலிருந்து ஒருவனும் வரவில்லை. பின்னர் இருவர் வந்தனர். இன்று சில நாட்களில் பதினைந்து பேர். மழை நாட்களில் நாங்கள் ஐவரே. வரும் பையன்களுள் ஒருவன் சென்ற மாதம் தன் வீட்டுத் துன்பமொன்றை எங்களுள் ஒருவரிடம் தானாகச் சொன்னான். அதற்கு மேல் பெருமையாகச் சொல்வதற்கு எங்களிடம் ஏதுமில்லை.

சிறிய தந்தையாரின் வாங்குகளில் மூன்று இன்னும் உறுதியாக உள்ளன. ஒன்றின் கால் உளுத்துவிட்டது, மாற்றுகிறோம். கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் விழாவுக்கு வரும் பழைய மாணவர்கள், பணம் அனுப்பவும் கட்டடம் கட்டவும் என்றும் பின்நின்றவர்கள் அல்லர். அவர்களிடம் இம்முறை வேறொன்று கேட்கிறேன். உங்கள் ஊரிலும் இத்தகைய பூட்டிய கதவு ஒன்று இருக்கும். திறப்பு யாரிடம் என்று விசாரியுங்கள். எங்கள் ஊருக்கு வந்தால், ஒரு மாலை எங்களோடு வந்து இருந்துவிட்டுப் போங்கள். கையில் ஏதும் கொண்டுவர வேண்டியதில்லை.